போர்நிறுத்தம் என்று செய்தி: எதை வைத்துச் சரிபார்ப்பது?

2025 மே 10, சனிக்கிழமை. இந்திய நேரப்படி மாலை ஐந்தரை மணியளவில், இந்தியாவும் பாகிஸ்தானும் முழுமையான, உடனடியான போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டன என்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் தன் ட்ரூத் சோஷியல் பக்கத்தில் எழுதினார். சற்று நேரத்தில் இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி செய்தியாளர்கள் முன் வந்து சில வரிகளை மட்டும் வாசித்துவிட்டுப் போனார். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35க்கு இந்தியத் தரப்பில் அதே பொறுப்பில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்தார். நிலம், வான், கடல் மூன்றிலும் எல்லாத் தாக்குதலையும் மாலை 5 மணி முதல் நிறுத்த இருவரும் இசைந்தனர். இரு படைகளுக்கும் உத்தரவு போய்விட்டது. 12ஆம் தேதி மீண்டும் பேசுவார்கள். அவ்வளவுதான் அறிக்கை. இரவு ஆவதற்குள் ஸ்ரீநகரில் வெடிச்சத்தம், வானில் ட்ரோன்கள். ஜம்மு காஷ்மீர் முதல்வர் ஒமர் அப்துல்லாவே போர்நிறுத்தம் என்ன ஆயிற்று என்று எக்ஸ் தளத்தில் கேட்டார். மிஸ்ரி மறுபடி வந்து, பாகிஸ்தான் தொடர்ந்து மீறுகிறது என்றார். பாகிஸ்தானோ, தான் உடன்பாட்டை மதிப்பதாகவும் இந்தியாதான் மீறுவதாகவும் சொன்னது.

அன்று செய்தி அறையில் இருந்தவருக்கும், எல்லையோர ஊரில் உறவினர் இருப்பவருக்கும், வாட்ஸ்அப் குழுவில் பகிரலாமா வேண்டாமா என்று விரலைத் தயங்க வைத்திருந்தவருக்கும் பிரச்சினை ஒன்றுதான். சில மணி நேரத்துக்குள் ஒன்றுக்கொன்று முரணான அறிவிப்புகள் வந்தன. எல்லாமே அதிகாரபூர்வமானவை. எதை நம்புவது?

இப்படிப்பட்ட நேரத்தில் சரிபார்க்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடுவதுதான் இங்கே நோக்கம். ஆனால் எது நல்ல வழி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. போர்நிறுத்தம் என்ற ஒரே செய்திக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன: உடன்பாடு உண்மையில் ஏற்பட்டதா? எந்த மணி முதல், எவ்வளவு காலம், எந்தெந்தத் தாக்குதலுக்கு? களத்தில் அது நிற்கிறதா? மீறல் இருந்தால் மீறியது யார்? ஒரு கேள்விக்கு நல்ல பதில் தரும் வழி அடுத்த கேள்விக்குப் பயன்படாமல் போகும். ஸ்ரீநகரில் இரவு கேட்ட வெடிச்சத்தம் மூன்றாவது கேள்விக்குச் சான்று. மாலையில் உடன்பாடே ஏற்படவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. அன்று சமூக ஊடகங்களில் கிளம்பிய சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவைதான்.

முதல் உலகப் போரின் முடிவில் ஒரே வாரத்தில் இந்தக் குழப்பத்தின் இரண்டு வடிவங்களையும் பார்க்கலாம். 1918 நவம்பர் 7 அன்று யுனைடெட் பிரஸ் செய்தி முகமையின் தலைவர் ராய் ஹோவர்ட், பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஒருவரிடம் கேட்டதை வைத்துப் போர் முடிந்துவிட்டது என்று செய்தி அனுப்பினார். நியூயார்க் தெருக்களில் கூட்டம் ஆடிப் பாடியது. அன்று உடன்பாடு எதுவுமே கையெழுத்தாகவில்லை. நான்கு நாள் கழித்து, நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணி கடந்ததும் உண்மையான உடன்பாடு கையெழுத்தானது. ஆனால் அமலுக்கு வந்தது காலை 11 மணிக்கு. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சண்டை நடந்துகொண்டே இருந்தது. ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59க்குச் சுடப்பட்டு இறந்தார். முதல் செய்தி முதல் கேள்வியிலேயே பொய். இரண்டாவது செய்தி உண்மை, ஆனால் காலை ஏழு மணிக்கு அதை நம்பிப் பதுங்குகுழியை விட்டு எழுந்தவனுக்கு அந்த உண்மை உதவியிருக்காது.

தலைவர்களும் நடுவர்களும் அறிவிப்பது

முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் இதுதான்: நடுவராக இருந்த நாட்டின் தலைவர் போடும் பதிவு, அல்லது பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி ஒருவர் சொன்னதாக ஒரு வரி. இதன் பலம் வேகம். பேச்சுவார்த்தை அறைக்குள் இருந்தவர் சொல்கிறார் என்பதால் ஏதோ நடந்திருக்கிறது என்பது நிச்சயம். என்ன நடந்திருக்கிறது என்பது நிச்சயமில்லை. நடுவருக்குத் தன் வெற்றியை அறிவிக்கும் அவசரம் இருக்கும். சண்டையிடும் தரப்புகளுக்கோ விட்டுக்கொடுத்ததாகத் தெரியக் கூடாதே என்ற கவலை இருக்கும். ஆகவே நடுவரின் கூற்று எப்போதும் உண்மைக்கு ஓர் அடி முன்னால் நிற்கும்.

2025 ஜூன் 23 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். இஸ்ரேலும் ஈரானும் முழுமையான போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன, அது கட்டம் கட்டமாக அமலாகும் என்று டிரம்ப் வாஷிங்டன் மாலையில் அறிவித்தார். தெஹ்ரானில் அப்போது மறுநாள் அதிகாலை. சில மணி நேரத்தில் ஈரான் வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் அராக்சி, இந்த நிமிடம் வரை எந்த உடன்பாடும் இல்லை என்று எழுதினார். அதே பதிவில், தெஹ்ரான் நேரம் காலை 4 மணிக்குள் இஸ்ரேல் தாக்குதலை நிறுத்தினால் ஈரானும் தொடர விரும்பவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கு நிலைமை விளங்கியிருக்கும்: கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை, நிபந்தனையோடு கூடிய விருப்பம் இருக்கிறது. அராக்சியின் மறுப்பை மட்டும் தலைப்பாக்கியவர்களும் தவறினார்கள். டிரம்பின் அறிவிப்பை மட்டும் தலைப்பாக்கியவர்களும் தவறினார்கள்.

நடுவர் அறிவிப்பு இன்னொரு இடத்திலும் சறுக்கும். 2025 மார்ச் 18 அன்று டிரம்பும் ரஷ்ய அதிபர் புதினும் தொலைபேசியில் பேசியபின் இரண்டு அறிக்கைகள் வந்தன. வெள்ளை மாளிகை, எரிசக்தி மீதும் உள்கட்டமைப்பு மீதும் தாக்குதல் நிற்கும் என்றது. கிரெம்ளின், எரிசக்தி உள்கட்டமைப்பு மீது மட்டும் என்றது. முதல் அறிக்கைப்படி பாலமும் ரயில் பாதையும் பாதுகாக்கப்பட்டவை. இரண்டாவதன்படி மின்நிலையமும் எண்ணெய்க் கிடங்கும் மட்டுமே. எப்போது தொடங்கியது என்பதிலும் ஒற்றுமை இல்லை: ரஷ்யா மார்ச் 18 என்று எண்ணியது, உக்ரைன் ஒரு வாரம் கழித்து மார்ச் 25 என்று எண்ணியது. இந்த ஒரு வாரத்துக்குள் நடந்த தாக்குதல் மீறலா இல்லையா என்பது நாம் எந்த நாட்காட்டியைப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆக இந்த வழியை எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பு வந்ததும் மற்ற வழிகளைத் தேடத் தொடங்க வேண்டும். நடுவர் பக்கத்தில் இரு தரப்புத் தலைவர்களும் நின்றுகொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. 2025 ஜூலை 28 அன்று மலேசியாவின் புத்ரஜெயாவில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தாய்லாந்து, கம்போடியத் தலைவர்களை இருபுறமும் வைத்துக்கொண்டு, நள்ளிரவு முதல் போர்நிறுத்தம் என்று அறிவித்தார். அங்கே முதல் கேள்விக்குப் பதில் அந்த மேடையிலேயே கிடைத்துவிட்டது.

இரு படைகளின் அறிக்கை

ஒரே ஒரு வழியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு கை தட்டினால் ஓசை வராது. எதிரெதிர்ப் படைகள் இரண்டும் ஒரே நேரத்தை, ஒரே எல்லையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கக்கூடிய ஆக வலுவான சான்று.

இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. தரைப்போருக்கான 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 36 முதல் 41 வரையான பிரிவுகள் போர்நிறுத்தம் பற்றியவை. 38ஆம் பிரிவின்படி, போர்நிறுத்தத்தை உரிய அதிகாரிகளுக்கும் படைகளுக்கும் அதிகாரபூர்வமாக, உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த உடனோ, குறித்த நேரத்திலோ சண்டை நிற்க வேண்டும். மிஸ்ரி வாசித்த வரிகளில், இரு படைகளுக்கும் உத்தரவு போய்விட்டது என்ற வாசகம் பலர் கண்ணில் படாமல் போனது. அந்த அறிக்கையில் மிகவும் கனமான வரி அதுதான். உத்தரவு போகாத போர்நிறுத்தம் வெறும் பேச்சு.

நல்ல ராணுவ அறிக்கை சலிப்பூட்டும். யாருக்கும் நன்றி சொல்லாது. வரலாற்றுச் சிறப்பு என்று எழுதாது. 2021 பிப்ரவரி 25 அன்று இந்திய, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் வெளியிட்ட கூட்டறிக்கை அப்படிப்பட்டது: கட்டுப்பாட்டுக் கோட்டிலும் மற்ற எல்லாப் பகுதிகளிலும் பிப்ரவரி 24-25 நள்ளிரவு முதல் துப்பாக்கிச் சூட்டை நிறுத்துவது, ஏற்கெனவே உள்ள உடன்பாடுகளைக் கடைப்பிடிப்பது, சிக்கல் வந்தால் ஹாட்லைனையும் எல்லைக் கொடிச் சந்திப்புகளையும் பயன்படுத்துவது. ஒரே வாசகம் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நாளில் வந்தது. பெரிய மேடை ஏதும் இல்லாத அந்தப் போர்நிறுத்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் நின்றது.

அறிக்கையில் நான் தேடுவது நான்கு விவரங்கள். தொடங்கும் மணியும் அது எந்த நாட்டு நேரம் என்பதும். எந்தப் பகுதி, எந்த வகைத் தாக்குதல். முடியும் தேதி. அடுத்த தொடர்பு எப்போது. நேர மண்டலத்தைச் சிறிய விவரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. 2015 பிப்ரவரியில் கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்துவதற்கான மின்ஸ்க் உடன்பாடு அமலுக்கு வந்தது கீவ் நேரப்படி நள்ளிரவில். மாஸ்கோ கடிகாரத்தில் அது ஒரு மணி நேர வித்தியாசம். முதல் மணி நேரத்து மீறல் புகார்களைப் பிரித்துப் பார்க்க அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

முடியும் தேதியில்தான் வதந்தி அதிகம் முளைக்கிறது. 2025 மே மாதத்தில், போர்நிறுத்தம் 18ஆம் தேதியோடு முடிகிறது என்று சில ஊடகங்களில் செய்தி பரவியது. சண்டை நிறுத்தத்துக்கு முடிவு தேதி என்று எதுவும் இல்லை என்று இந்திய ராணுவம் விளக்க வேண்டியதாயிற்று. காலம் குறிக்காத போர்நிறுத்தம் என்றால் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஹேக் விதிகளின்படி காலம் குறிக்கப்படாவிட்டால், முன்கூட்டி எச்சரித்துவிட்டு எந்த நேரத்திலும் எந்தத் தரப்பும் மீண்டும் தொடங்கலாம். தற்காலிகம் என்ற சொல் அறிக்கையில் இல்லாவிட்டாலும் தன்மையில் அது தற்காலிகமே.

இந்த வழியின் பலவீனமும் தெளிவானது. மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு வந்ததும் இரு படைகளும் சாட்சிகளாக இருப்பதை விட்டு வழக்காடிகளாகிவிடுகின்றன. இன்னொன்று, ஒரு தரப்பு மட்டும் அறிவிக்கும் நிறுத்தத்தை உடன்பாடு என்று மயங்கக் கூடாது. 2025 ஏப்ரல் 19 மாலை ஆறு மணி முதல் 21ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு வரை ஈஸ்டருக்காகச் சண்டையை நிறுத்துவதாகப் புதின் அறிவித்தார். உக்ரைன் பதிலுக்கு, ரஷ்யா செய்வதையே தானும் செய்யும் என்றது. முப்பது மணி நேரம் முடிந்ததும் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ரஷ்யா கிட்டத்தட்ட 3,000 முறை மீறியதாகக் கணக்குச் சொன்னார். ரஷ்யாவும் தன் கணக்கை வெளியிட்டது. எதை மீறல் என்று எண்ணுவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு வரி கூட எழுத்தில் இல்லாதபோது, அந்த எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

களக் கண்காணிப்பாளர்கள்

கொள்கையளவில் இதுதான் சிறந்தது. சண்டையில் சேராத ஒருவர் களத்தில் நின்று பார்த்துச் சொல்கிறார். 1948இல் பாலஸ்தீனத்தில் தொடங்கிய ஐநா போர்நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பு முதல் பல குழுக்கள் இதைச் செய்துவந்திருக்கின்றன. நடைமுறையில் மூன்று தடைகள்: பெரும்பாலான போர்களில் இப்படியொரு குழுவே இருப்பதில்லை, இருந்தாலும் மெதுவாகத்தான் பேசும், இரு தரப்பும் விட்ட இடம் வரைதான் போக முடியும்.

காஷ்மீரில் 1949 முதல் ஐநா ராணுவப் பார்வையாளர் குழு இருக்கிறது. 1972 சிம்லா உடன்பாட்டுக்குப் பிறகு அதன் பணி முடிந்துவிட்டது என்பது இந்தியாவின் நிலை. அதன்பின் இந்தியா அக்குழுவிடம் புகார் தருவதில்லை, பாகிஸ்தான் தந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதத்தில் கட்டுப்பாட்டுக் கோட்டில் நடந்தவற்றுக்கு இந்தக் குழுவிடம் தீர்ப்பு எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். கொரியாவில் 1953இல் அமைத்த நடுநிலை நாடுகளின் மேற்பார்வை ஆணையம் சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாட்டவரைக் கொண்டது. மூன்று ஆண்டுகளில், 1956இல், தெற்கில் அதன் ஆய்வுப் பணி நிறுத்தப்பட்டுவிட்டது. இலங்கை உள்நாட்டுப் போர் என்பதால் இந்த வரிசையில் நேராகச் சேராது; ஆனாலும் அங்கே கண்காணிப்புக்கு நேர்ந்தது தமிழ் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2002 உடன்பாட்டைக் கண்காணித்த ஐந்து நார்டிக் நாடுகளின் குழு, ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் சிதைந்தது. ஒன்றியத்தில் உள்ள சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் வற்புறுத்த, நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. சரிபார்க்கும் கண்கள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில்தான் அவை குறைந்தன.

இருந்தும் நல்ல கண்காணிப்புக் குழு என்ன தர முடியும் என்பதை உக்ரைனில் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் சிறப்புக் கண்காணிப்புக் குழு காட்டியது. 2014 மார்ச் முதல் 2022 மார்ச் வரை இயங்கிய அது, நாள்தோறும் அறிக்கை வெளியிட்டது. எந்த இடத்தில் நின்று, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர் தொலைவில், எத்தனை வெடிப்பு கேட்டது என்று எழுதும். யார் சுட்டது என்று பெரும்பாலும் எழுதாது. இதைப் பலர் கோழைத்தனம் என்று ஏசினார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. காதால் கேட்டதை வைத்து குற்றவாளியைச் சொல்ல முடியாது. 2017இல் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மீறல்களை அது பதிவு செய்தது. எண்ணைப் பார்த்ததும் மலைப்பு வரும். ஒவ்வொரு வெடிப்பையும் ஒவ்வொரு சூட்டையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு அது. இரவில் ரோந்து போக முடியாது, கேமரா உள்ள இடத்தில்தான் இரவுக் கணக்கு கிடைக்கும். அதனால் ஒரு நாள் கணக்கைத் தனியாக எடுத்து வாதிடுவதில் அர்த்தமில்லை. அதே முறையில் எடுத்த நேற்றைய கணக்கோடும் போன வாரக் கணக்கோடும் ஒப்பிட்டால்தான் நிறுத்தம் வலுக்கிறதா இளகுகிறதா என்று தெரியும்.

குழு இருக்கிற போரில் மூன்றாவது கேள்விக்கு இதற்கு மேல் சான்று கிடையாது. ஆனால் இன்று இரவே பதில் வேண்டும் என்றால் இது உதவாது.

வானத்திலிருந்து பார்ப்பது

செயற்கைக்கோளுக்கு அதன் தகுதியை மீறிய மரியாதை கிடைக்கிறது என்பது என் எண்ணம். வண்ணப் புள்ளிகள் நிறைந்த வரைபடம் ஒன்றைப் பார்த்ததும் விவாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

நாசாவின் ஃபர்ம்ஸ் (FIRMS) தளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். பூமியில் எங்கே வெப்பம் தெரிகிறதோ அதை ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் புள்ளியாகக் காட்டும். இதில் பயன்படும் விர்ஸ் உணரி ஓரிடத்தைக் கடப்பது பெரும்பாலும் உள்ளூர் நேரப்படி பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியை ஒட்டி. இரவு எட்டு மணிக்கு விழுந்த ஷெல்லின் நெருப்பு பன்னிரண்டு மணிக்குள் அணைந்துவிட்டால் அது இந்த வரைபடத்தில் இருக்காது. மேகம் இருந்தாலும் இருக்காது. மறுபக்கம், அறுவடைக்குப் பின் வயலில் தாளை எரித்தாலும், ஆலைப் புகைபோக்கியில் தீ தெரிந்தாலும் புள்ளி விழும். ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரத்தைக் குறிப்பது; அதற்குள் எரிந்தது பீரங்கி நிலையா வைக்கோற்போரா என்று அது சொல்லாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் பத்து மீட்டர் துல்லியம் கொண்டவை, அவையும் இலவசம்; ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்ப ஐந்து நாள் ஆகலாம். இதைவிடக் கூர்மையான படங்கள் தனியார் நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றின் கதவை அரசுகள் மூட முடியும்: 2025 மார்ச்சில் அமெரிக்கா, தன் அரசுத் திட்டத்தின் வழியே உக்ரைனுக்குக் கிடைத்துவந்த மேக்ஸார் படங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

அப்படியானால் எதற்குப் பயன்? ஒரு குறிப்பிட்ட சேதத்தைச் சரிபார்க்க. இந்தப் பாலம் இன்று காலை தகர்க்கப்பட்டது என்ற கூற்றை, போர்நிறுத்தத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வைத்து உறுதி செய்யலாம். முந்தைய படத்திலேயே பாலம் உடைந்திருந்தால் கூற்று அங்கேயே விழுந்துவிடும். பல வாரங்களின் வெப்பப் புள்ளிகளை ஒப்பிட்டு, போர்முனை நெடுகச் சண்டை தணிந்ததா என்றும் பார்க்கலாம். முதல் நாள் இரவில் யார் சொல்வது உண்மை என்று கேட்டால் செயற்கைக்கோளிடம் பதில் இருக்காது.

கைபேசிக் காணொளிகள்

வேகத்தில் இதற்கு இணை இல்லை, ஆபத்திலும் இல்லை. 2025 மே மாதத்தில் பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு போர் விமானங்களை இழந்ததை ஒப்புக்கொள்வது போன்ற காணொளி ஒன்று பெரிதாகப் பரவியது. செயற்கை நுண்ணறிவில் செய்த போலி. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க்காட்சிகளாக உலவுவது எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்றால், அதைத் தயாரித்த நிறுவனமே அவற்றை அடையாளம் காண்பது எப்படி என்று 2022இல் விளக்கம் வெளியிட்டது. சாட்பாட்டிடம் கேட்டுத் தெளியலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தின் பழைய காணொளியை, பாகிஸ்தானின் நூர் கான் விமானத் தளத்தின் மீது விழுந்த ஏவுகணை என்று எக்ஸ் தளத்தின் சாட்பாட்டான குரோக் அடையாளம் சொன்னது அதே மே மாதத்தில்தான்.

போர்நிறுத்தச் செய்திக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மற்ற நேரத்தில் காணொளி எங்கே எடுத்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே எந்த மணிக்கு எடுத்தது என்பதுதான் எல்லாம். மாலை 4.50க்கு விழுந்த ஷெல் போர், 5.10க்கு விழுந்தது மீறல். பதிவேற்றிய நேரம் எடுத்த நேரம் ஆகாது. நிழலின் நீளம், வானத்தின் வெளிச்சம், பின்னணியில் கேட்கும் தொழுகை அழைப்பு, ஒரே வெடிப்பை வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு காணொளி இவற்றை வைத்து நேரத்தைக் கணிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அதை விட்டுவிடலாம். தனியாளாக அமர்ந்து நள்ளிரவில் செய்து முடிக்கும் வேலை அல்ல. வேறு வேறு இடங்களில் இருக்கும், ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே சமயத்தில் ஒரே சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் மட்டும், சத்தம் கேட்டது என்ற அளவுக்கு நம்பலாம்.

கைப்பணம் போகும் முடிவுகள்

வாயால் சொல்வதற்குச் செலவில்லை. அதனால், தவறாகப் போனால் இழப்பு வரும் முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. வான்வெளி திறக்கிறதா? விமான நிறுவனங்கள் பழைய பாதைக்குத் திரும்புகின்றனவா? பள்ளிகள் திறக்கின்றனவா? மக்களைப் பதுங்குமிடத்தில் இருக்கச் சொன்ன உத்தரவை விலக்கினார்களா?

பாகிஸ்தான் மே 10 மாலையே வான்வெளியைத் திறந்தது. இந்தியாவோ வடக்கிலும் மேற்கிலும் 15ஆம் தேதி வரை மூடுவதாக அறிவித்திருந்த 32 விமான நிலையங்களை, 11ஆம் தேதி இரவு பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது என்று ராணுவம் சொன்ன பிறகு, 12ஆம் தேதி திறந்தது. இந்த இரண்டாவது முடிவுதான் நம்பத் தகுந்த அடையாளம், ஏனென்றால் ஓர் அமைதியான இரவைப் பார்த்துவிட்டு எடுத்தது. முதல் முடிவுக்குப் பிறகும் அன்றிரவு ட்ரோன்கள் பறந்தன என்பதை மறக்கக் கூடாது. வான்வெளியைத் திறப்பது உலகுக்குத் தன் நல்லெண்ணத்தைக் காட்டும் செயலாகவும் இருக்கலாம். 2025 ஜூன் 24 அன்று இஸ்ரேலிய உள்நாட்டுப் பாதுகாப்புக் கட்டளையகம் மாலையில் கட்டுப்பாடுகளை விலக்கியதை, அன்று காலை முதல் வந்துகொண்டிருந்த ஏட்டிக்குப் போட்டியான அறிக்கைகள் எல்லாவற்றையும்விட நான் மதிப்பேன்.

இந்த வழி மூன்றாவது கேள்விக்கு, அதுவும் ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் பதில் தரும். எல்லையில் உறவினர் இருப்பவருக்கு இதுவே மிகவும் பயன்படும். அவருக்கு வேண்டியது உடன்பாட்டின் வாசகம் அல்ல. ஊருக்குத் திரும்பலாமா என்பது.

யாருக்கு எது

செய்தி எழுதுபவர் என்றால், முதல் மணி நேரத்தில் அறிவித்தவர் பெயரோடு மட்டும் எழுதுங்கள்: இன்னார் அறிவித்தார், இன்ன தரப்பு இன்னும் உறுதி செய்யவில்லை. இரு படைகளின் அறிக்கையும் ஒத்துப்போன பிறகே உடன்பாடு ஏற்பட்டது என்ற வாசகத்துக்குப் போகலாம். நிற்கிறது என்று எழுத ஓர் இரவாவது பொறுக்க வேண்டும். ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய நகோர்னோ கராபாக்கில் 2020 அக்டோபர் 10 நண்பகலில் மாஸ்கோ முயற்சியால் முதல் நிறுத்தம். மறுநாள் அதிகாலையே அஜர்பைஜானின் கஞ்சா நகரில் ஏவுகணை விழுந்தது. 18ஆம் தேதி இரண்டாவது, 26ஆம் தேதி வாஷிங்டன் வழியாக மூன்றாவது. மூன்றுமே சில மணி நேரத்தில் உடைந்தன. நவம்பர் 10 முதல் அமலான நான்காவது மட்டும் நின்றது. அது மூன்று தலைவர்களும் கையெழுத்திட்டு வெளியிட்ட உரையோடும், 1,960 ரஷ்ய அமைதிப்படையினரோடும் வந்தது. வாசகம், தேதி, அமல்படுத்த ஆள் மூன்றும் உள்ள அறிவிப்பை முதல் மூன்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பகிரலாமா என்று யோசிப்பவருக்கு: தேதி பாருங்கள், அது போதும். பழைய போர்நிறுத்த அறிவிப்புகள் ஒவ்வொரு புதிய சண்டையிலும் புதிய செய்தியாகத் திரும்ப வரும். தேதியும் நேரமும் இல்லாத அறிவிப்பைப் பகிராமல் விட்டால் யாருக்கும் நட்டமில்லை.

நான்காவது கேள்வி, யார் மீறியது என்பது, இந்த ஆறு வழிகளில் எதற்கும் சில மணி நேரத்தில் அடங்காது. 2025 மார்ச் 21 அன்று ரஷ்யாவின் சூட்ஸா எரிவாயு அளவீட்டு நிலையம் பற்றி எரிந்தபோது, உக்ரைன் தகர்த்தது என்று ரஷ்யாவும், ரஷ்யாவே சுட்டது என்று உக்ரைனும் கூறின. எரிந்தது என்பது படத்தில் தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை. அப்படியே எழுதுவதில் தவறில்லை.

சுட்டது யார் என்று தெரிந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். ஹேக் விதிகளின் 40ஆம் பிரிவு, ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மறு தரப்பு உடன்பாட்டை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. 41ஆம் பிரிவு, தனிநபர்கள் தாமாகச் செய்த மீறலுக்கு, அவர்களைத் தண்டிக்கவும் தேவையானால் இழப்பீடு தரவும் கோரலாம் என்பதோடு நிற்கிறது. அதை வைத்து உடன்பாட்டை முறிக்க முடியாது. ஒரு காவல் சாவடியில் உத்தரவு எட்டாத ஒருவன் சுட்டதும், தலைமையகம் திட்டமிட்டு ஏவியதும் ஒன்றல்ல. மீறல் என்று தலைப்பிடும் முன் அது இந்த இரண்டில் எது என்று கேட்டுப் பார்க்கலாம். புகார் சொல்லும் தரப்பு தாக்குதலின் இடம், நேரம், ஆயுத வகையைச் சொல்கிறதா, ஹாட்லைனில் முறையிட்டதா, அடுத்த சந்திப்பை ரத்து செய்ததா என்பவை அதற்கான தடயங்கள். மே 10 இரவு அவ்வளவு குற்றச்சாட்டுகளுக்குப் பிறகும் 12ஆம் தேதிப் பேச்சை எந்தத் தரப்பும் ரத்து செய்யவில்லை. நண்பகலுக்குக் குறித்திருந்தது மாலைக்குத் தள்ளிப்போனது, அன்றே பேசினார்கள்.